மூக்கரின் மகள்

தையல்காரம்மாவின் வீட்டைக் கண்டுபிடிக்க மூக்கர் யாரிடமும் வழி கேட்கவில்லை. சந்து திரும்பும்போதே மெஷினுக்குப் போடும் எண்ணெயின் வாசனை வந்துவிட்டது. அதற்குப் பின்னால் புதுத் துணியின் கஞ்சி. அதற்கும் பின்னால் மழையில் ஊறிப்போன பழைய சுண்ணாம்புச் சுவர். சந்தின் கோடியில், இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே மூச்சுமுட்டிக்கொண்டு நின்றது அந்த ஓட்டு வீடு. இன்னும் விளக்குப் போடுகிற நேரம் ஆகவில்லை. ஆனால் மழைமேகம் வெளிச்சத்தை எல்லாம் முன்கூட்டியே வாரிக்கொண்டு போயிருந்தது.

மூக்கர் என்பது கம்பெனியில் வைத்த பெயர். கேலியாக ஆரம்பித்து மரியாதையாக நிலைத்துவிட்டது. சோப்பு, ஷாம்பு, தரை துடைக்கிற திரவம், துவைத்த துணியைக் கடைசித் தண்ணீரில் அலசும்போது ஒரு மூடி ஊற்றுவார்களே, அந்த சாஃப்ட்னர், இதற்கெல்லாம் வாசனை தானாக வருகிறது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கே வருகிறது! ஓர் அறைக்குள் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து, பத்து இருபது பொருள்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, காகிதப் பட்டையில் தோய்த்து முகர்ந்து முகர்ந்து உண்டாக்க வேண்டும். எலுமிச்சைப் படம் போட்ட பாட்டிலுக்குள் எலுமிச்சை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. வாசனையே சேர்க்காதது என்று விற்கிறார்களே, அதிலும் பாதிக்கு மேல் உள்ளே இருக்கிற நாற்றத்தை மறைக்க இன்னொரு வாசனை ஒளிந்துகொண்டிருக்கும். அந்த மாயமெல்லாம் மூக்கர் கைவேலை.

அவர் கதவைத் தட்டினார். நெஞ்சு அதைவிடப் பலமாகத் தட்டியது.

திறந்தவர் தையல்காரம்மாவின் புருஷன். எலக்ட்ரீஷியன். காதில் பென்சில், கையில் ஸ்க்ரூ டிரைவர், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சாஃப்ட்னர் கம்பெனியிலேருந்து வர்றேன். சாம்பிளுக்குக் குடுத்த பாட்டில் ஒண்ணு..."

"வாங்க சார், வாங்க" என்று எலக்ட்ரீஷியன் அவர் கையையே பிடித்துவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதை எடுத்துட்டுப் போயிடுங்க."

எடுத்துக்கொண்டு போக மூக்கர் வரவில்லை. அவர் வந்த விஷயமே வேறு.

போன மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் சுண்டெலி என்று அவர் கூப்பிட ஆரம்பித்து, வீட்டுக்குள் அது சுண்டு ஆயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரியில் அவளை வாரி அணைத்தபோது அவள்மேல் அவள் வாசனை இல்லை. கிருமிநாசினி மணத்தது, ரப்பர் ஷீட் மணத்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் வாசனை செய்து கொடுத்த மனிதனுக்கு, பெற்ற குழந்தையை வழியனுப்ப ஃபினாயில் நாற்றம்! அதை அவரால் தாங்க முடியவில்லை. யாரால்தான் முடியும்?

சுண்டுவின் தலையணை உறையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மனைவிக்குத் தெரியாமல் கம்பெனிக்கு எடுத்துப்போனார். எல்லோரும் கிளம்பிய பிறகு அதை முகர்வார், கலப்பார், மறுபடி முகர்வார். சீவிய பென்சில் தூள், ஆறிய பால், வெயிலில் காய்ந்த ரெக்ஸின் பை, பின்கழுத்தில் சரியாகப் போகாத சோப்பு. இவற்றுக்கு அடியில் ஒரு கஸ்தூரிச் சேர்மானம். குழந்தைத் தோலின் இளஞ்சூட்டை அது ஒன்றுதான் கொண்டுவரும். அதைத் தயாரித்தவர்கள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். டிரம்மின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து வழித்து எடுத்தார். மாதக்கணக்கில் இந்தப் பைத்தியம்.

அங்கேதான் தவறு செய்தார். ஒரே வாசனையை விடாமல் முகரக்கூடாது என்பது அந்தத் தொழிலில் சேர்ந்த அன்றே சொல்லித்தருகிற பாடம். நம் வீட்டு வாசனை நமக்குத் தெரிகிறதா? மூக்குக்குப் பழகிப்போனால் அது கதவைச் சாத்திக்கொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்த மூக்கர், தன் மகள் விஷயத்தில் மறந்துபோனார். கலவை முடிந்த அன்று காகிதப் பட்டையைத் தோய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

ஒன்றுமில்லை. வெறும் காகிதம்.

தலையணை உறையை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். வெறும் துணி.

சில நாள் விட்டால் திரும்பிவிடும் என்று இருந்தார். திரும்பவில்லை. மற்ற எல்லா வாசனையும் துல்லியமாகத் தெரிந்தது. சுண்டு மட்டும் இல்லை.

சரியாகத்தான் செய்திருக்கிறோமா, யாரிடம் கேட்பது? மனைவியிடம் நீட்டலாம். அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்? ஐயோ, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தத் தைரியம் அவருக்கு வரவில்லை. தொழிலில் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார். கலவையை சாஃப்ட்னரில் சேர்த்து, பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி, நாலு வீட்டுக்குப் போகிற சாம்பிள்களோடு வைத்துவிட்டார். 'இந்த வாசனை உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துகிறது?' என்று ஒரு கேள்வி கேட்பார்கள். செத்துப்போன மகளைக் கொண்டுபோய் மார்க்கெட் சர்வேயில் சேர்த்தார் அந்த மனிதர்! வேறு தொழில் செய்கிற எந்த அப்பனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

வீடு வீடாகப் போய்வந்த சர்வே பெண் கேண்டீனில் அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: "அந்தத் தையல்காரம்மா ஒரு மாதிரி பேசறாங்க சார். வாசனை எப்படி இருக்குன்னு கேட்டா, 'பாப்பா இப்பதான் கண்ணசந்தா, மெதுவாப் பேசு'ங்கறாங்க. அவங்களுக்குக் குழந்தையே கிடையாது சார்."

மூக்கர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

*

வீட்டுக்குள் கொடி கொடியாக ஈரத்துணி தொங்கியது. அதற்குள் குனிந்து குனிந்துதான் போக வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் கால்மெஷின். அதன் முன்னால் தையல்காரம்மா உட்கார்ந்து, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு சின்ன கவுன் ஒன்றுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாருக்கு இந்த கவுன்?" என்றார் மூக்கர்.

"வளர்ற புள்ள சார். நாலு மாத்து வேணாமா?"

எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். மூக்கரை ஒரு தொங்கும் படுக்கை விரிப்புக்கு இந்தப் பக்கம் இழுத்து, காதோடு சொன்னார். "பாத்தீங்களா? உங்க பாட்டில் வந்ததுலேருந்து இப்படித்தான். இல்லாத பாப்பாவுக்குத் தட்டு வைக்கிறா, தலை சீவி விடறா. சரியா சாப்பிடறதில்ல, சிரிச்சுக்கிட்டே இருக்கா. எத்தனை வருஷமா இப்படி ஒரு சிரிப்புக்கு நான் ஏங்கிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? இப்ப அதைப் பாத்தாலே பயமா இருக்கு."

"நீங்க எதாவது பாத்தீங்களா?"

எலக்ட்ரீஷியன் விரிப்புக்கு அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பாக்கல. ஆனா அந்த வாசனை வந்தா கால்ல என்னமோ உரசிட்டுப் போகும். பூனைன்னு மனசத் தேத்திக்குவேன்." தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "எங்க வீட்ல பூனை கிடையாது சார்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சீராக, கடகடவென்று. மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மூக்கர் விரிப்பை விலக்கிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் வந்தார்.

தையல்காரம்மா இரண்டு கால்களையும் மடக்கி நாற்காலி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கீழே மிதிகட்டை ஏறி ஏறி இறங்கியது. ஏறி, இறங்கி.

"போதும்டா கண்ணு, நூல் அறுந்துரும்" என்றாள் தையல்காரம்மா.

நின்றது.

மூக்கருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடிவிடு என்றது கால். நில்லுடா பாவி என்றது மனசு. நின்றார்.

அப்போது மெஷின் எண்ணெயின் வாசனை இல்லாமல் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, சட்டென்று. பிறகு கஞ்சி வாசனை போயிற்று. பிறகு ஈரச் சுவர். வீட்டின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு யாரோ தன்னை நோக்கி வருவதுபோல் இருந்தது அவருக்கு. கடைசியில் தன் சட்டையின் மழைவாடைகூட இல்லை. இத்தனை காலத்தில் அந்த மூக்கு ஒன்றுமே இல்லாத காற்றை இழுத்ததில்லை. அந்த வெறுமை அவர் இடுப்பு உயரத்தில் வந்து நின்றது.

தையல்காரம்மா முதல் முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக உதிர்ந்தது.

"எங்கிட்ட ஒரு நாளும் இப்படி ஓடி வந்ததில்ல" என்றாள். "நீங்கதான் அப்பாவா?"

மூக்கர் தலையை ஆட்டினார்.

"பேரு கேட்டா, சுண்டுங்கறா. இதென்ன பேருடின்னு சிரிச்சேன். அப்பா வெச்சதுன்னா."

அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார் மூக்கர். அந்தப் பெயரை அவர் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட இப்போது யாரும் சொல்வதில்லை.

"எங்கேம்மா? எங்க இருக்கா?"

"உங்க முன்னாடிதான். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கறா."

சிவப்புத் தரை. வெட்டுத்துணிகள். ஒரு பொத்தான். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். மூச்சை ஆழ இழுத்தார். குழந்தைக்கு எதிரில் உட்கார்ந்து, கண்ணும் காதும் மூக்குமாக அவர் திறந்து பார்க்காத கதவில்லை.

தையல்காரம்மா தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றா? சொல்லுங்கம்மா."

"வேணாம் சார்."

"சொல்லிடுங்க."

"அப்பாவுக்கு எம்மேல கோவமான்னு கேக்கறா." அவள் குரல் உடைந்தது. "ஆபீஸ்ல உங்க மேசை பக்கத்துல தெனமும் வந்து நின்னாளாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாளாம். நீங்க ஒரு தடவகூடத் திரும்பலியாம்."

பாவி மனுஷன்! விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக அந்த அறையில் உட்கார்ந்து அவளுக்காக அழுத ஒவ்வொரு சாயங்காலமும் அவள் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாள். நுனிக்காலில் நின்று மேசையை எட்டிப் பார்த்திருப்பாள். அவர் அவளைத் தள்ளிவிட்டு அவள் தலையணை உறையை முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கோவமில்லடா தங்கம்" என்றார் தரையைப் பார்த்து. "கோவமே இல்ல. அப்பாவுக்குத் தெரியலடா. அப்பாவுக்கு மூக்கு..." மேலே சொல்லத் தெரியவில்லை. அந்த வயதுக் குழந்தைக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? கைகூப்பிவிட்டார். பெற்ற மகளைக் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டு அந்நியர் வீட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எலக்ட்ரீஷியன் கொடித்துணியில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துத் தையல்காரம்மா எழுந்து போய், பாட்டிலைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள். காலி.

"காலையில கடைசி மூடி. கொடியில தொங்குதே, அந்தத் துண்டு ஒண்ணுதான் அதுல அலசினது. மத்ததெல்லாம் வெறும் தண்ணி." அவள் தயங்கினாள். "இன்னொரு பாட்டில் கெடைக்குமா சார்?"

"இனிமே செய்ய முடியாதும்மா. அதுல போடறது ஒண்ணு எங்கயுமே கெடைக்கல."

"அப்ப துண்டு காஞ்சு, வாசனை போயிட்டா?"

மூக்கர் கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்தார். மழையும் கொஞ்சம் விட்டிருந்தது.

மூக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசனை இருக்கிற வரைக்கும் அவளை யார் வைத்துக்கொள்வது? அவருக்குள் ஒரு முடிவு வந்திருந்தது. அப்படி ஒரு முடிவுக்கு வர ஒரு அப்பனுக்கு எத்தனை கல் மனசு வேண்டும்! "இங்கயே இருக்கட்டும்மா. நீங்க பாக்கறீங்க, பேசறீங்க, தலை சீவி விடறீங்க. எங்கூட வந்தா செவுத்துகிட்ட பேசற மாதிரிதான் இருக்கும் அவளுக்கு."

தையல்காரம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஒரே கணம். பிறகு கீழே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ போறேங்கறா சார்" என்றாள். "வீட்டுக்குப் போறேங்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

கொடியிலிருந்து அந்தத் துண்டை உருவினாள். குனிந்து, எதையோ இரண்டு கையாலும் தூக்கினாள். கனமாக இருப்பதுபோல் முதுகை வளைத்துத் தூக்கினாள். மூக்கரின் தோளில் சாய்த்து, துண்டால் சுற்றிப் போர்த்தினாள்.

"கழுத்தக் கட்டிக்கோடா கண்ணு. கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றாள். மூக்கரிடம், "எடுத்துட்டு ஓடிருங்க சார். திரும்பிப் பாக்காதீங்க. நான் மனசு மாறிடுவேன்" என்றாள்.

அவர் வாசலைத் தாண்டும்போது உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. யாரும் போடாத அந்த கவுனுக்கு அவள் மீதி விளிம்பையும் அடித்துக்கொண்டிருந்தாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மூக்கர் துண்டைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கனமே இல்லை. சூடு இல்லை. வெறும் ஈரத்துண்டு. தனக்குப் பைத்தியம் முற்றிவிட்டதோ என்றுகூட நினைத்தார். நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிடுசிடுத்தாள்: "சார், பாப்பா காலைக் கொஞ்சம் மடக்கிப் பிடிங்க. எஞ்சேலையெல்லாம் சேறு."

மூக்கர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சேலையில் சின்னதாக ஒரு சேற்றுத் தடம் இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். கையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் காற்றில் வைத்து மடக்கினார்.

"ஆங்" என்று தணிந்தாள் அவள். "தூங்கிட்டாளா? தூங்கட்டும், தூங்கட்டும்."

இறங்கும்வரை அவர் அசையவில்லை. தோள் மரத்துப்போயிற்று. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

வீட்டுக் கதவை மனைவி திறந்தாள். சுண்டு போனதிலிருந்து அந்த வீட்டில் தேவைக்குமேல் பேச்சே கிடையாது. வந்தீங்களா, சாப்பிடறீங்களா, அவ்வளவுதான். அவள் கதவைத் திறந்துவிட்டு வழக்கம்போல் திரும்பி நடந்தாள். இரண்டு அடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

அவள் முதுகு விறைத்தது. மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளைப் பார்த்தாள்.

மூக்கர் எதையெதையோ சொல்ல வாயெடுத்தார். தலையணை உறை, பாட்டில், தையல்காரம்மா. எதுவும் தேவைப்படவில்லை.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள் அவள். கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, குரல் மட்டும் அதட்டியது. "இந்த மழையில இவளை எங்க தூக்கிட்டுப் போனீங்க?"

தோளிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டாள். ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, ஒரு கையைக் காலுக்குக் கொடுத்து. படுக்கை அறைக்குள் போனாள். துண்டு தரையில் இழுபட்டுக்கொண்டே போயிற்று.

மூக்கர் கூடத்திலேயே நின்றார். உள்ளே பேச்சுக் குரல். கேள்வி கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், சிரிக்கிறாள், மறுபடி கேட்கிறாள். அவருக்கு ஒரே ஒரு குரல்தான் கேட்டது.

"ஏங்க, உள்ள வாங்களேன். அப்பா எங்கன்னு தூக்கத்துல உளர்றா."

போனார். கட்டிலின் நடுவில் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் மனைவி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடையில் இருந்த இடத்தை விட்டு, ஓரமாக அவர் உட்கார்ந்தார்.

"தொடுங்க. ஏன் பயப்படறீங்க?" மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து வெறும் விரிப்பின்மேல் நகர்த்தினாள். "அங்க இல்ல. அது தோள். இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்கதான் தலை."

விரிப்பின் நூல்கள்தான் கைக்குத் தட்டுப்பட்டன. ஆனாலும் தடவினார். மெதுவாக, நெற்றியிலிருந்து பின்னால், எப்போதும் தடவுவதுபோல. முன்பெல்லாம் அவள் தூங்கிப்போகும்வரை தடவிக்கொடுப்பார். தடவிக்கொண்டே இருந்தார்.

கையை எடுத்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. வேர்த்த தலையைத் தொட்டதுபோல் வெதுவெதுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக. விரல் இடுக்கில் கறுப்பாக, மெல்லியதாக, ஒரு முடி ஒட்டியிருந்தது.

மூக்கர் கையை முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு, உயிரையே சேர்த்து இழுத்தார்.

ஒன்றுமில்லை.

மறுபடி இழுத்தார்.

"அப்படியே அவ வாசனை, இல்லங்க?" என்றாள் மனைவி, இருட்டில், சிரிப்பும் அழுகையுமாக.

"ஆமா" என்றார் மூக்கர்.